வெங்கச்சங்கல்லுக்குள் மின்னுவது என்ன? டிடெக்டரோடு தங்கம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பாலரட், பெண்டிகோ, டனோலி, மேரிபரோ வட்டாரத்துக்கு, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைச் சத்தமிட்டுக் காட்டும் டிடெக்டர் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தங்கத்தைவிட அதிகமாக வீட்டுக்குக் கொண்டுவருவது கற்களைத்தான். வெள்ளை வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், அதற்குள் ஏதோ மஞ்சளாக, சாம்பலாக, கறுப்பாக. "இது என்ன?" என்று கேட்டு வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். விக்டோரியா கற்களை வைத்து எழுதியது. சோதனை முறைகள் மட்டும் எந்த ஊர் குவார்ட்ஸுக்கும் பொருந்தும்.

டிடெக்டர் கத்தியது. கல்லைக் கழுவிப் பார்த்தால் தங்கம் கண்ணில் படவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது?

முதலில் சத்தம் கல்லிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். கல்லைத் தூரமாக வைத்துவிட்டு, குழியின் மேல் காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, மறுபடி ஓட்டுங்கள். பல நேரம் சத்தம் குழியிலேயே இருக்கும். பழைய பூட்ஸ் ஆணியோ, துப்பாக்கியின் ஈயக் குண்டோ மண்ணில் கிடக்கும், கல் சும்மா அதன் மேல் கிடந்திருக்கும். குழி அமைதியாகி, கல்லைக் காயிலுக்கு முன்னால் ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் விஷயம் கல்லுக்குள் இருக்கிறது. ஆட்டுகிற கையில் மோதிரமும் கடிகாரமும் இருக்கக் கூடாது.

இரண்டாவதாக, கல்லின் நிறத்தைப் பாருங்கள். இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்பழுப்புக் கல் தங்கம் இல்லாமலேயே சத்தம் கொடுக்கும். தேடுகிறவர்கள் அதை ஹாட் ராக் என்பார்கள். கார்பன் ஏறிய கறுப்பு ஸ்லேட் பட்டைகள் சில டிடெக்டர்களை ஏமாற்றும். பிரோடைட் என்ற சல்ஃபைடும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கத்த வைக்கும், அதைக் காந்தம் லேசாக இழுக்கும். தங்கம்போல் மஞ்சளாக மின்னும் இன்னொரு இரும்புச் சல்ஃபைடான சாதாரண பைரைட் பெரும்பாலும் சத்தமே தராது.

இதெல்லாம் இல்லை, வெள்ளைக் குவார்ட்ஸ்தான், துரு கொஞ்சம்தான், ஆனாலும் மென்மையான, அகலமான சத்தம் எந்தப் பக்கம் திருப்பினாலும் வருகிறது என்றால் அந்தக் கல்லைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். குவார்ட்ஸுக்குள் கிளை கிளையாகப் பரவிய தங்கம் அப்படித்தான் ஒலிக்கும். கீழே எடை பார்க்கும் முறை இருக்கிறது, அதைச் செய்யாமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

சத்தம் இல்லை என்றால் தங்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பொடிப்பொடியாகத் தூவியதுபோல் இருக்கும் தங்கத்தை டிடெக்டர் கேட்காது. பெண்டிகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஃபாஸ்டர்வில் சுரங்கத்தில் தொடக்க காலத்தில் எடுத்த தங்கத்தின் பெரும்பகுதி ஆர்சனோபைரைட் (ஆர்சனிக் சேர்ந்த இரும்புச் சல்ஃபைடு), பைரைட் படிகங்களுக்குள்ளேயே அடைபட்டிருந்தது. லூப், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, வைத்துப் பார்த்தாலும் தெரியாது. டிடெக்டர் நமக்குச் சொல்வது கட்டியாகச் சேர்ந்திருக்கும் உலோகத்தைப் பற்றி மட்டும்தான்.

மஞ்சளாகப் பளபளக்கிறது. தங்கமா, பைரைட்டா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இதுதான்.

மிக எளிய சோதனை நிழல். கல்லை வெயிலில் பார்த்துவிட்டு, உடம்பால் மறைத்து நிழலில் பாருங்கள். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். பைரைட்டின் முகங்கள் ஒளியைப் பிடிக்கும் கோணத்தில் மட்டும் மின்னும், கொஞ்சம் திருப்பினால் சாம்பலாக இருண்டுவிடும்.

அடுத்தது ஊசி. 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தையல் ஊசியின் முனையை அந்தப் புள்ளியின் மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். தங்கமாக இருந்தால் முனை உள்ளே இறங்கும். ஊசியை எடுத்தால் சின்னப் பள்ளம், அதன் ஓரத்தில் தள்ளப்பட்ட உலோகம் மேடாக நிற்கும். ஒரு துகளும் உதிராது. பைரைட் என்றால் ஊசி வழுக்கும், இன்னும் அழுத்தினால் கற்கண்டு உடைவதுபோல் நொறுங்கிக் கறுப்புத் தூள் சிதறும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் தங்கத்தின் கடினம் 2.5 முதல் 3, பைரைட்டுக்கு 6 முதல் 6.5. ஊசி எஃகு, இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாக வேலை செய்கிறது.

மூன்றாவது உரைத்துப் பார்ப்பது. நகைக்கடை உரைகல் வேண்டாம், குளியலறை டைலின் பின்பக்கம், மெருகு பூசாத பகுதி போதும். தங்கம் மஞ்சள் உலோகக் கோடு விடும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் பச்சை கலந்த கறுப்புக் கோடு விடும். வெளியே எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் கோடு கறுப்பு என்றால் அது தங்கம் இல்லை.

ஊசி குத்தினால் கல்லின் மதிப்பு குறைந்துவிடாதா?

தங்கம் வெளியே நன்றாகத் தெரிகிற, படிக வடிவம் உள்ள கல் என்றால் குத்தாதீர்கள். அதற்கு எடைச் சோதனை போதும். ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்றால் ஓரத்தில் ஒரு குத்து யாருக்கும் தெரியாது.

பித்தளை நிறத்தில் நீலமும் ஊதாவும் ஓடுகிறது. இது எது?

சால்கோபைரைட், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பைரைட்டைவிட மஞ்சள் தூக்கலாக இருக்கும், அதனால் நிறைய பேர் இதைத்தான் தங்கம் என்று நம்பி மகிழ்கிறார்கள். கடினம் 3.5 முதல் 4, ஊசி கீறும், ஆனால் கீறின இடம் தூளாகும். பக்கத்தில் பச்சைப் படலம் இருந்தால் அது செம்பு வெளியேறி உண்டான மலக்கைட், சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. தங்கத்தில் வானவில் நிறம் ஓடாது.

வெள்ளி நிறத்தில், எஃகு நிறத்தில் இருக்கிறது. வெள்ளியா?

விக்டோரியா குவார்ட்ஸில் இயற்கை வெள்ளி கிடைப்பது மிக அரிது. நீங்கள் பார்ப்பது அநேகமாக ஆர்சனோபைரைட், கலீனா, ஸ்டிப்னைட் மூன்றில் ஒன்று. இவற்றை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது நேரம் செலவிடத் தகுந்த விஷயம், ஏனென்றால் மூன்றுமே தங்கத்தோடு சேர்ந்து வரக்கூடியவை.

ஆர்சனோபைரைட் வெள்ளி கலந்த வெண்சாம்பல் நிறம், கடினம் 5.5 முதல் 6. படிகங்கள் நீளவாக்கில் கோடு போட்டிருக்கும், குறுக்கு வெட்டு பெரும்பாலும் சாய்சதுரம். குவார்ட்ஸுக்குள்ளும் இருக்கும், குவார்ட்ஸை ஒட்டிய ஸ்லேட்டிலும் ஊசி ஊசியாக இறைந்து கிடக்கும். சுத்தியல் பட்டால் ஒரு நொடி பூண்டு வாடை அடிக்கும். அது ஆர்சனிக். அடையாளம் காண அந்த வாடை உதவும் என்று பழைய கையேடுகள் சொல்லும், ஆனால் வேண்டுமென்றே அடித்து முகர்ந்து பார்க்காதீர்கள். இந்தக் கனிமத்தின் எடையில் ஏறக்குறைய 46% ஆர்சனிக்.

ஆனாலும் இதைக் கண்டால் எனக்கு உற்சாகம்தான். பூமிக்கடியில் சூடான நீரில் தங்கம் தனியாகக் கரைந்து வருவதில்லை, கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அந்த நீர் இரும்பு உள்ள பாறையைத் தொடும்போது இரும்பு கந்தகத்தை இழுத்துக்கொண்டு பைரைட்டாகவும் ஆர்சனோபைரைட்டாகவும் மாறிவிடும். பிடிமானம் போன தங்கம் அங்கேயே இறங்கிவிடும். ஆகவே ஆர்சனோபைரைட் இருக்கும் இடத்தில் தங்கம் நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ரீஃபின், அதாவது பாறைக்குள் ஓடும் அந்தக் குவார்ட்ஸ் பட்டையின், மற்றக் கற்களையும் புரட்டிப் பார்க்காமல் வரக் கூடாது.

கலீனா ஈயக் கனிமம். உடைந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கனசதுரப் படிகள், கண்ணாடிப் பளபளப்பு. கையில் எடுத்ததுமே கனம் தெரியும்: அடர்த்தி 7.5, குவார்ட்ஸுக்கு 2.65தான். நகத்தால் கீறுவது கடினம், ஊசிக்கு எளிதாகப் பணியும், கோடு ஈயச் சாம்பல்.

ஸ்டிப்னைட் நம் பழைய அஞ்சனக்கல், ஆன்டிமனி. நீளமான, வரிவரியான ஊசிகளாக அல்லது தகடுகளாக இருக்கும். கடினம் 2, நகமே கீறிவிடும், கையில் சாம்பல் ஒட்டும். ஹீத்கோட்டுக்குப் பக்கத்தில் கோஸ்டர்ஃபீல்ட் என்ற ஊர் தங்கத்தையும் ஆன்டிமனியையும் சேர்த்தே தோண்டி எடுக்கும் ஊர். ஃபாஸ்டர்வில்லில் ஆழத்தில் பின்னாளில் கண்டுபிடித்த, கண்ணுக்குத் தெரியும் தங்கமும் ஸ்டிப்னைட்டோடு சேர்ந்ததுதான். மெழுகுவர்த்திச் சுடரிலேயே ஸ்டிப்னைட் உருகும் என்பது உண்மை, புகை நஞ்சு என்பதும் உண்மை. அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், நகமே போதும்.

பழுப்பாக, பிசின் பளபளப்போடு இருப்பது?

ஸ்ஃபாலரைட், துத்தநாகச் சல்ஃபைட். கலீனாவுக்குப் பக்கத்தில் தேடுங்கள், இரண்டும் சேர்ந்தே வரும். கோடு வெளிர்பழுப்பு.

வெள்ளி நிறத்திலேயே தங்கம் இருக்க வாய்ப்பு உண்டா?

இரண்டு வழியில் உண்டு, இரண்டும் விக்டோரியாவில் நடந்திருக்கின்றன.

ஒன்று பாதரசம். 19ஆம் நூற்றாண்டில் குவார்ட்ஸை இடித்துத் தூளாக்கிய ஸ்டாம்பர் பட்டறைகளில் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து ஓடைக்குள் சிந்தியது இன்னும் போகவில்லை. அந்த இடங்களில் கிடைக்கும் தங்கத்தின் மேல் வெள்ளைப் பூச்சு ஏறியிருக்கும். அதைத் தீயில் காட்டினால் வெள்ளை போய் மஞ்சள் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போவது பாதரச ஆவி, போகிற இடம் உங்கள் நுரையீரல். சமையலறை அடுப்பில் இதைச் செய்தால் வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து. மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்து, தங்கம் சுத்திகரிக்கிறவரிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது மால்டனைட். பெண்டிகோவுக்குத் தெற்கே உள்ள மால்டன் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கனிமம், முதலில் அடையாளம் கண்டதும் அங்கேதான். இரண்டு பங்கு தங்க அணுவுக்கு ஒரு பங்கு பிஸ்மத், எடையில் கணக்குப் போட்டால் சுமார் 65% தங்கம். புதிதாக உடைத்த முகம் இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளி நிறம். காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகி, கடைசியில் கறுத்துவிடும். சுரங்கத்தொழிலாளர்கள் அதைக் கறுப்புத் தங்கம் என்றார்கள். மிக மென்மை, கடினம் 2க்கும் கீழே. மால்டன் பக்கம் குவார்ட்ஸில் கறுத்த, மிருதுவான, கனமான புள்ளிகள் கண்டால் மாங்கனீஸ் கறை என்று தூக்கி எறியாமல் லூப்பில் பாருங்கள். அரிய கனிமம்தான், ஆனால் அரியது இருக்கிற இடத்திலேயே நின்றுகொண்டு அதைத் தவறவிடக் கூடாது.

கல்லில் சதுரம் சதுரமாகக் குழிகள், உள்ளே துரு. இது ஏன்?

அங்கே ஒரு காலத்தில் பைரைட் இருந்தது. மழைநீரும் காற்றும் பைரைட்டைத் தின்றுவிட, கந்தகம் கரைந்து போய், இரும்பு கோதைட் என்ற துருக் கனிமமாகத் தங்கிவிட்டது. குழியின் வடிவம் பழைய படிகத்தின் அச்சு. கோதைட்டை டைலில் உரைத்தால் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு வரும். செங்காவிக் கோடு வந்தால் அது ஹெமடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு.

இந்தத் துருப்பிடித்த குவார்ட்ஸைத்தான் நான் முதலில் பொறுக்குவேன். பைரைட்டுக்குள்ளோ அதை ஒட்டியோ தங்கம் இருந்திருந்தால், பைரைட் அழிந்தாலும் தங்கம் அழியாது. குழியின் சுவரில், துருவுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். வழிகிற சேற்றைக் கொட்டிவிடாமல் ஒரு தட்டில் பிடித்து, தங்கம் அலசும் பேனில் அலசுங்கள். கல்லில் ஒன்றும் தெரியாமல் சேற்றில் பொடித் தங்கம் தெரிவது உண்டு. பிறகு ஒவ்வொரு குழியையும் லூப்பில் பாருங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபடி. நேராக அடித்தால் ஈரமான குவார்ட்ஸின் மினுக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இதற்கு எதிர்மாறானது பாலாக வெளுத்த, கறையே இல்லாத, பெரிய பெரிய குவார்ட்ஸ் கட்டி. பார்க்க அழகு. பெரும்பாலும் வெறுங்கல். மெல்லிய ஸ்லேட் கோடுகள் வரிவரியாக ஓடும் குவார்ட்ஸ் அதைவிட நூறு மடங்கு நம்பிக்கைக்குரியது. பாறை திரும்பத் திரும்பப் பிளந்து, ஒவ்வொரு முறையும் புது நீர் வந்து நிரம்பியதன் அடையாளம் அந்த வரிகள்.

பழுப்பு நிறச் சாய்சதுரக் கட்டங்களும் இருக்கின்றன. அதுவும் பைரைட்டா?

அது ஆங்கரைட்டாக இருக்கலாம், இரும்பு கலந்த கார்பனேட். விக்டோரியா ரீஃப்களில் சகஜம். சதுரம் சாய்ந்திருந்தால் கார்பனேட்டை நினையுங்கள், நேராக இருந்தால் பைரைட்டை.

வெள்ளைக் கல்லில் கறுப்புக் குச்சிகள்?

டூர்மலின். குச்சியின் குறுக்கு வெட்டு முனை மழுங்கிய முக்கோணம், நீளவாக்கில் வரிகள். கடினம் 7க்கு மேல், ஊசி தொடக்கூட முடியாது. கிரானைட்டுக்குப் பக்கத்துக் குவார்ட்ஸில் வரும். கறுப்பு குச்சியாக இல்லாமல் செடியின் கிளை வரைந்ததுபோல் விரிசல் ஓரம் பரவியிருந்தால் மாங்கனீஸ் ஆக்சைடு. இரண்டுமே டிடெக்டரில் சத்தம் தராதவை.

பச்சையும் மஞ்சளுமாகத் தூள் படிந்திருக்கிறது. தொடலாமா?

கரும்பச்சைச் செதில்கள் என்றால் குளோரைட், தாராளமாகத் தொடலாம். வெளிர்பச்சை அல்லது சாம்பல் பச்சை மேலோடு, பக்கத்திலேயே ஆர்சனோபைரைட் என்றால் ஸ்கோரடைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஆர்சனோபைரைட் சிதைந்து உண்டான ஆர்சனிக் கனிமம். ஸ்டிப்னைட் மேல் மஞ்சள் மாவு படிந்திருந்தால் அது ஆன்டிமனி ஆக்சைடு. இரண்டையும் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பழைய சுரங்கக் குவியல்களின் மண்ணிலேயே பல இடங்களில் ஆர்சனிக் அதிகம், அதனால் கை கழுவத் தண்ணீர் எடுத்துப் போவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஓடை மணலில், கல் விரிசலில் பொன் செதில்கள் மின்னி மின்னி மறைகின்றன.

காக்காப்பொன். அபிரகம் வெயிலில் மழையில் சிதைந்து பொன்னிறமானது. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். பேனில் தண்ணீரோடு சுற்றினால் மிதந்து முதலில் ஓடுவது அதுதான், தங்கம் கடைசிவரை அடியில் கிடக்கும்.

தங்கம் உள்ளே இருக்கிறதா, எவ்வளவு என்று கல்லை உடைக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசும், ஒரு கப் தண்ணீரும், நூலும் போதும்.

கல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கப்பை வைத்து எடையைச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க முங்கும்படி, ஆனால் கப்பின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். குழிகளில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் கணக்கு கெட்டுவிடும், அதனால் கல்லைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து ஆட்டிவிட்டு அளவிடுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் குமிழியைக் கழற்ற உதவும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கல்லின் எடை 120 கிராம், கன அளவு 35. வெறும் குவார்ட்ஸாக இருந்தால் 35 × 2.65 = 92.75 கிராம்தான் இருக்க வேண்டும். மிச்சம் 27.25 கிராம். அதை 1.159ஆல் பெருக்குங்கள், 31.6 கிராம் வருகிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதிலிருந்து வருகிற எண் அந்த 1.159. அதாவது கல்லில் குவார்ட்ஸும் தங்கமும் மட்டும்தான் என்றால், உள்ளே ஏறக்குறைய ஒரு ட்ராய் அவுன்ஸ் (தங்கத்தை எடைபோடும் அளவு, சுமார் 31.1 கிராம்) தங்கம்.

அந்த "மட்டும்தான்" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதே 120 கிராம் கல், அதே 35 கன அளவு, உள்ளே தங்கத்துக்குப் பதில் 42 கிராம் கலீனா இருந்தாலும் தராசு இதே எண்ணைத்தான் காட்டும். துரு, பைரைட், ஆர்சனோபைரைட் எல்லாமே குவார்ட்ஸைவிடக் கனம். ஆகவே எடைச் சோதனையைத் தனியாக நம்பாதீர்கள். வெள்ளைக் கல், சல்ஃபைடு கண்ணில் படவில்லை, டிடெக்டர் சத்தம் உண்டு, எடையும் கூடுதல் என்று எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் தைரியமாக நம்பலாம். துரு மண்டிய கல்லில் இந்தக் கணக்கு வெறும் ஆசையை வளர்க்கும். சின்னக் கல்லிலும், 10 கிராமுக்குக் கீழே என்றால், தராசின் பிழையே தங்கமாகத் தெரியும்.

காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லாக இருக்குமா?

குவார்ட்ஸ் இருந்தால் விண்கல் இல்லை. விண்கல்லில் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைக் குவார்ட்ஸ் இருக்காது. காந்தம் ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற இரும்பு ஆக்சைடுகள்.

குவார்ட்ஸ் இல்லாத, துருச் சிவப்பான, அளவுக்கு மீறிக் கனக்கும் தனிக் கல் என்றால் யோசிக்கலாம். 2015இல் மேரிபரோ பக்கம் டிடெக்டரோடு போன ஒருவருக்கு 17 கிலோ கல் கிடைத்தது. உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பி அறுத்தார், துளையிட்டார், அமிலம் ஊற்றினார், சம்மட்டியால் அடித்தார். ஒன்றும் அசையவில்லை. பிற்பாடு மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனபோது அது சுமார் 460 கோடி ஆண்டு வயதான விண்கல் என்று தெரிந்தது. H5 வகைக் காண்ட்ரைட், அதாவது இரும்பு அதிகம் உள்ள கல் வகை விண்கல், என்று வகைப்படுத்தி 2019இல் அறிவித்தார்கள். அந்தச் சம்மட்டி அடிக்கு அது உடைந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

துருவை நீக்க அமிலம் பயன்படுத்தலாமா?

முதலில் தண்ணீர், பிரஷ், பொறுமை. போதவில்லை என்றால் ஆக்ஸாலிக் அமிலம். ஹார்டுவேர் கடையில் தூளாகக் கிடைக்கும், தண்ணீரில் கரைத்து, கல்லைச் சில நாள் ஊறவைத்தால் இரும்புக் கறை கரையும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. அதுவும் நஞ்சுதான்: கையுறை, கண்ணாடி, வெளிக்காற்று வேண்டும். கல்லில் கால்சைட் இருந்தால் மேலே வெள்ளைப் படலம் உண்டாகி ஒட்டிக்கொள்ளும், அதைப் பிறகு எடுப்பது பெரிய தலைவலி.

ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது நீச்சல் குளத்துக்கு ஊற்றுவது, கார்பனேட்டையும் துருவையும் வேகமாகத் தின்னும். ஆனால் கல்லில் கலீனா, ஸ்ஃபாலரைட், ஸ்டிப்னைட், பிரோடைட் இருந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும், அது ஆளைக் கொல்லும். சாம்பல் நிறக் கனிமம் எது என்று தெரியாத கல்லை இந்த அமிலத்தில் போடவே கூடாது. அமிலத்தோடு பிளீச் கலப்பது இன்னும் மோசம்: குளோரின் வாயு வரும், தங்கமும் கரையும்.

குவார்ட்ஸையே கரைத்துத் தங்கத்தை மட்டும் நிறுத்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. கடையில் பார்க்கும் அழகான மாதிரிகளில் சில அப்படி வந்தவை. அதை வீட்டில் தொடாதீர்கள். தோலில் கொஞ்சம் பட்டாலே எலும்புவரை இறங்கும், உயிர் போகவும் கூடும். வசதியுள்ள ஆய்வகத்தில் கொடுத்துச் செய்யலாம்.

கடைசியில் உடைத்துத்தான் பார்க்க வேண்டுமா?

அவசரம் எதற்கு? தங்கம் தெரிகிற குவார்ட்ஸ் மாதிரியை அப்படியே வாங்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நல்ல மாதிரிக்கு உள்ளே உள்ள தங்கத்தின் விலையைவிடக் கூடக் கொடுப்பார்கள். உடைத்து உருக்கிவிட்டால் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டும்.

சாதாரணக் கல், உடைத்தே ஆக வேண்டும் என்றால் இரும்பு உரலில், மேலே ஈரச் சாக்கு மூடி, கல்லை நனைத்தபடி இடியுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். பெண்டிகோவில் ஒரு தலைமுறைச் சுரங்கத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது அந்த நோய்தான். நுண்தூசியை வடிகட்டும் P2 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இடிப்பதை எளிதாக்கக் கல்லை நெருப்பில் சுட்டு நீரில் அமுக்குவது பழைய வழக்கம். ஆர்சனோபைரைட் இருக்கிற கல்லைச் சுட்டால் வெள்ளை ஆர்சனிக் புகை வரும். சல்ஃபைடு எதுவும் இருப்பதாகச் சந்தேகம் இருந்தாலே சுடாதீர்கள்.

கல்லின் படத்தை அனுப்பினால் சொல்ல முடியுமா?

படத்தை மட்டும் வைத்து என்றால் ஊகம்தான். வெயிலில் ஒரு படம், நிழலில் ஒரு படம், ஈரமாக ஒன்று, காய்ந்து ஒன்று, டைலில் உரைத்த கோட்டின் படம், பக்கத்தில் ஒரு நாணயம், அதோடு எடையும் கன அளவும், காந்தம் ஒட்டுகிறதா என்பதும், எந்த ஊர் ரீஃப் என்பதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலான கற்களுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

இந்தக் கற்களைப் பொறுக்க அனுமதி வேண்டுமா?

விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். 10 ஆண்டு செல்லும். கைக்கருவிகள் மட்டும், தோண்டிய குழியை மூட வேண்டும், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது, சிலவற்றில் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும் உண்டு. பூர்வகுடி மக்களின் பாரம்பரிய இடங்களைத் தொடவே கூடாது. போகிற இடத்தின் வரைபடத்தை அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கமும் தங்கம் உள்ள குவார்ட்ஸ் உண்டாமே, அங்கே போய்த் தேடலாமா?

உண்டு. 1880 வாக்கில் லண்டனில் பங்கு விற்று அங்கே கம்பெனிகள் குவிந்தன, சில ஆண்டுகளிலேயே சரிந்தன. பைரைட்டோடு சேர்ந்த குவார்ட்ஸ் ரீஃப்கள்தான் அங்கேயும், மேலே சொன்ன சோதனைகள் அப்படியே பொருந்தும். ஆனால் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், கைவிடப்பட்ட பழைய சுரங்கங்கள் இடிந்து விழக்கூடியவை. போகாதீர்கள்.

எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, இன்னும் தெரியவில்லை. யாரிடம் போவது?

பழைய தங்கம் வாங்கும் கடைகளில் எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கும், சில விநாடியில் தனிமங்களைச் சொல்லும். ஆனால் அது மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. துத்தநாகமும் ஆர்சனிக்கும் நிறைந்த கல்லில் இல்லாத தங்கத்தைக் காட்டுவதும் உண்டு, ஏனென்றால் அவற்றின் எக்ஸ் கதிர்களும் தங்கத்தின் கதிர்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுகின்றன. ஈயத்தையும் ஆர்சனிக்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது அதைவிடச் சகஜம். திரையில் "தங்கம்" என்று வந்ததும் துள்ளாமல், பக்கத்தில் துத்தநாகம், ஆர்சனிக் எவ்வளவு என்று கேளுங்கள்.

எவ்வளவு தங்கம் என்று துல்லியமாகத் தெரிய ஃபயர் அஸ்ஸே. கல்லை அரைத்து ஈயத்தோடு உருக்கிப் பிரிப்பார்கள். கொடுத்த துண்டு திரும்பி வராது, அதனால் நல்ல பகுதியை வைத்துக்கொண்டு சாதாரணத் துண்டைக் கொடுங்கள்.

கனிமத்தின் பெயர்தான் வேண்டும் என்றால் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அல்லது கனிமச் சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்துக்குக் கல்லை எடுத்துப் போங்கள். மேசையைச் சுற்றி நாலு பேர் லூப்போடு குனிந்தால் பெரும்பாலும் அங்கேயே பெயர் கிடைத்துவிடும். போகும்போது கல் கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பையும் கையில் வைத்திருங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எங்கே கிடைத்தது?" என்பதாகத்தான் இருக்கும்.